காதலர் சிலை வடித்த கல்தச்சர் பேரன்

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சிசாலை ஒரு காலத்தில் பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனை. அங்கே இத்தாலியச் சிற்பங்கள் வைத்திருக்கும் கூடத்தில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிலை இருக்கிறது. ஒரு பெண் பாறைமேல் சாய்ந்து கிடக்கிறாள். சிறகு முளைத்த வாலிபன் ஒருவன் அப்போதுதான் வானிலிருந்து இறங்கி, ஒரு முழங்காலை ஊன்றி அவளைத் தூக்குகிறான். அவன் ஒரு கை அவள் தலையைத் தாங்குகிறது. மறு கை அவளை அணைத்திருக்கிறது. அவள் இரண்டு கரங்களையும் உயர்த்தி அவன் தலையைச் சுற்றி வளையம் போலக் கோத்திருக்கிறாள். இருவர் உதடுகளும் இன்னும் சேரவில்லை. சேரப் போகின்றன. அந்த ஒரு கணம்தான் சிலை.

உயரம் 155 சென்டிமீட்டர். நீளம் 168 சென்டிமீட்டர். நம் ஊர்க் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பெரிய சிலை அல்ல. ஆனால் அந்த வாலிபனின் சிறகுகளை எவ்வளவு மெலிதாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்றால், பின்னால் இருந்து வெளிச்சம் பட்டால் கல்லின் ஊடே ஒளி கசிகிறது. கல்லில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அந்த மெலிவுக்குப் போகும்போது ஒரு தட்டு அதிகமாக விழுந்தால் பல மாத உழைப்பு பாழ்.

இதைச் செய்தவர் பெயர் அன்டோனியோ கனோவா. தமது காலத்தில் ஐரோப்பா முழுவதிலும் அவருக்கு இணையான சிற்பி இல்லை என்று பெயர் வாங்கியவர். போப்பாண்டவர்களும் அரசர்களும் அவர் பட்டறை வாசலில் காத்திருந்தார்கள். நெப்போலியன் இரண்டு முறை ஆள் அனுப்பி அழைத்தான். அத்தனை பெயரும் புகழும் பெற்ற மனிதர் ஒரு மலை அடிவாரக் கிராமத்துக் கல்தச்சரின் பேரன்.

தாத்தா வளர்த்த பிள்ளை

இத்தாலியின் வடகிழக்கே, வெனிஸ் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதியில், கிராப்பா மலையின் அடியில் பொஸ்ஸாஞோ என்று ஒரு கிராமம். அங்கே 1757-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கனோவா பிறந்தார். தந்தை பியெட்ரோ கல்வேலை செய்பவர். குழந்தைக்கு நான்கு வயது நிறைவதற்குள் அவர் காலமாகிவிட்டார். தாய் ஆஞ்செலா அடுத்த ஆண்டே மறுமணம் செய்துகொண்டு பக்கத்து ஊரான கிரெஸ்பானோவுக்குப் போய்விட்டாள். மகனை உடன் அழைத்துச் செல்லவில்லை. தந்தையைப் பெற்ற தாத்தா பாசினோவிடம் பையன் தங்கினான்.

தாத்தாவும் கல்தச்சர்தான். கோயில்களுக்குப் பலிபீடம், தோட்டங்களுக்குச் சிலை என்று செய்து கொடுப்பவர். வேலையில் கெட்டிக்காரர். குணத்தில் கண்டிப்பானவர். விளையாடும் வயதில் பேரன் கையில் உளியையும் சுத்தியலையும் கொடுத்தார். பையன் ஒழுங்கான பள்ளிப் படிப்பைக் காணவில்லை. பிற்காலத்தில் தம் எழுத்துப் பிழைகளை எண்ணிக் கூச்சப்பட்ட கனோவா, வேலை செய்யும் நேரத்தில் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து கிரேக்க, ரோமானிய நூல்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டே தமது படிப்பைத் தேடிக்கொண்டார்.

அவரைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. பெரிய மனிதர் வீட்டு விருந்தொன்றில் மேஜை அலங்காரத்துக்கு ஏதோ குறைந்ததாம். சமையற்கட்டில் இருந்த பையன் வெண்ணெயை எடுத்துச் சிங்கம் ஒன்று செய்து கொடுத்தானாம். விருந்தாளிகள் வியந்து போனார்களாம். உண்மையோ பொய்யோ, பெரிய கலைஞர் எவருக்கும் இப்படி ஒரு கதை கட்டிவிடுவது எல்லா நாட்டிலும் வழக்கம். ஆனால் ஜியோவன்னி ஃபலியேர் என்ற வெனிஸ் நகரப் பிரபு பையனின் கைத்திறனைக் கண்டு ஆதரித்தது உண்மை. அவர் முயற்சியால் பதினோரு வயதளவில் பையன் டோரெட்டி என்ற சிற்பியிடம் தொழில் கற்கச் சேர்ந்தான். பிறகு அவருடனேயே வெனிஸ் நகரம் வந்து சேர்ந்தான்.

வெனிஸில் பகலில் பட்டறை வேலை. ஓய்வு நேரத்தில் ஃபர்ஸெட்டி என்பவரின் மாளிகைக்குப் போய், அங்கே சேர்த்து வைத்திருந்த பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் அச்சுகளைப் பார்த்து வரைவது. இரண்டு பழக் கூடைகள்தான் அவர் தனியாகச் செய்த முதல் வேலைகளில் ஒன்று. அதன் பிறகு ஃபலியேருக்காக ஒரு காதலர் ஜோடி செய்தார். செத்துப் போன மனைவியைப் பாதாள உலகத்திலிருந்து மீட்டுவரப் போய், திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மறந்து, அவளை இரண்டாம் முறை இழந்த ஆர்ஃபியஸ் என்ற பாடகனின் கதை. 1777-ல் அது முடிந்தபோது கனோவாவுக்கு வயது சுமார் 20.

அடுத்து டெடாலஸ், இக்காரஸ் என்ற தந்தை மகன் சிலை. கிழத் தந்தை மகனின் தோளில் செயற்கைச் சிறகைக் கட்டுகிறார். மகன் சந்தோஷமாக நிற்கிறான். தந்தை முகத்தில் கவலை. பறந்து போன மகன் திரும்பி வரமாட்டான் என்பது கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். தந்தையின் காலடியில் ஒரு உளியும் சுத்தியலும் கிடக்கின்றன. தன்னை வளர்த்த கிழவரை நினைத்துத்தான் அந்த முகத்தைச் செதுக்கினாரா என்று எண்ணாமல் இருக்க முடியாது. இந்தச் சிலைக்கு 100 பொற்காசுகள் கிடைத்தன. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு 1779-ல் ரோமாபுரிக்குப் புறப்பட்டார்.

பிழைக்க வந்த இடம்

ரோமாபுரி அவருக்குப் பிறந்த ஊர் அல்ல. அங்கே அவர் வெனிஸ் நாட்டுக்காரர், பேச்சே வேறு. ஊர்க்காரர் ஒருவர் கை கொடுத்தார். வெனிஸ் குடியரசின் தூதராக இருந்த ஜிரோலமோ ஜூலியான், தமது மாளிகையிலேயே தங்க இடம் தந்தார். ஒரு பெரிய சலவைக்கல் பாளத்தையும் வாங்கிக் கொடுத்து, விருப்பம் போல் செய் என்றார். வெனிஸ் அரசும் ஆண்டுக்கு 300 டியூகட் வீதம் மூன்று வருஷத்துக்கு உதவித் தொகை அளித்தது.

காளைத் தலை அரக்கனை வென்ற தீஸியஸ் என்ற வீரனைச் செய்வதென்று முடிவாயிற்று. இளம் சிற்பி எவரும் சண்டைக் காட்சியைத்தான் செய்வார். கவின் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் வேறு யோசனை சொன்னார். சண்டை முடிந்த பிறகு வருவதைச் செய் என்பது அவர் கருத்து. கனோவா அதைப் பிடித்துக் கொண்டார். அரக்கன் செத்துக் கிடக்கிறான். வீரன் அவன்மேல் உட்கார்ந்து களைப்போடு குனிந்து பார்க்கிறான். அவ்வளவுதான். பார்த்தவர்களில் பலர் இது ஏதோ பழைய கிரேக்கச் சிலையின் நகல் என்றே நினைத்தார்களாம். இருபத்தைந்து வயதுப் பையன் செய்தது என்று தெரிந்ததும் ரோமாபுரி முழுவதும் அவர் பெயர் பரவியது. இப்போது அந்தச் சிலை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சிசாலையில் இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு போப்பாண்டவர்களின் சமாதிகளைக் கட்டும் வேலை வந்தது. ஒன்று 1787-ல் முடிந்தது. மற்றொன்று புனித பேதுரு பேராலயத்திலேயே, 1792-ல் முடிந்தது. அதில் இரண்டு சிங்கங்கள் படுத்திருக்கின்றன. வெண்ணெய்ச் சிங்கத்தின் கதையை நம்பாதவர்கள்கூட இந்தச் சிங்கங்களைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள்.

முதல் சமாதி வேலை கிடைக்க உதவியவர் வோல்பாட்டோ என்ற செதுக்கோவியர். அவர் மகள் டொமெனிகாவுக்கும் கனோவாவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் மனம் வேறு ஒரு இளைஞரிடம் இருந்தது தெரிந்து கனோவா விலகிக்கொண்டார் என்பார்கள். அவள் அந்த இளைஞரையே மணந்தாள். கனோவா கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவே இல்லை. உலகத்துக் காதலர் சிலைகளில் தலையாயது என்று சொல்லப்படுவதைச் செய்தவரின் சொந்தக் கதை இது.

சைக்கியின் கதை

1787-ல் ஜான் கேம்பெல் என்ற பிரிட்டிஷ் கனவான் ரோமாபுரிக்கு வந்தபோது, கியூபிட், சைக்கி ஜோடியைச் செய்து தரும்படி கேட்டார். கியூபிட் என்பவன் ரோமானியர்களின் மன்மதன். நம் மன்மதனுக்குக் கரும்பு வில்லும் மலர்க் கணையும் என்றால் அவனுக்குச் சிறகும் அம்பும். கதை கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அப்பூலியஸ் என்பவர் எழுதிய நூலில் வருகிறது.

சைக்கி ஓர் அரசனின் மூன்றாவது மகள். அவள் அழகைப் பார்த்த ஜனங்கள் அழகுத் தெய்வமான வீனஸை மறந்து அவளை வணங்கத் தொடங்கினார்கள். வீனஸுக்குக் கோபம். அவளை ஏதாவது ஒரு கீழ்மகன்மேல் காதல் கொள்ளச் செய் என்று மகன் கியூபிட்டை அனுப்பினாள். போனவன் தானே அவள்மேல் காதல் கொண்டுவிட்டான். ஒரு மாளிகையில் அவளை வைத்து இரவில் மட்டும் வந்து போனான். தன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. அக்காள்மார் பொறாமையால் தூண்டிவிட, அவள் ஒரு நாள் இரவு விளக்கை ஏந்திப் பார்த்துவிட்டாள். சூடான எண்ணெய்த் துளி அவன் தோளில் விழுந்தது. அவன் பறந்து போய்விட்டான்.

பிறகு அவனைத் தேடி அலைந்தவளுக்கு மாமியார் வீனஸ் கொடுத்த வேலைகள் கொஞ்சமல்ல. குவியலாகக் கலந்து கிடந்த தானியங்களைப் பொழுது சாய்வதற்குள் வகை பிரிக்கச் சொன்னாள். எறும்புகள் இரக்கப்பட்டுப் பிரித்துக் கொடுத்தன. கடைசியாகப் பாதாள உலகத்துக்குப் போய் அழகு அடைத்த பெட்டியை வாங்கி வரச் சொன்னாள். திறக்கக் கூடாது என்றும் சொன்னாள். சைக்கி திறந்துவிட்டாள். உள்ளே இருந்தது அழகல்ல, சாவு போன்ற உறக்கம். அவள் வழியிலேயே சாய்ந்தாள். கியூபிட் பறந்து வந்து அந்த உறக்கத்தைத் துடைத்து எடுத்து அவளை எழுப்பினான். கனோவா எடுத்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். சிலையில் சைக்கியின் பக்கத்தில் ஒரு ஜாடியும், கியூபிட்டிடம் அம்பறாத்தூணியும் இருக்கின்றன.

கிரேக்க மொழியில் சைக்கி என்ற சொல்லுக்கு உயிர் என்றும் பொருள், வண்ணத்துப்பூச்சி என்றும் பொருள். இதே ஜோடியைக் கனோவா நின்ற கோலத்திலும் செய்திருக்கிறார். அதில் சைக்கி ஒரு வண்ணத்துப்பூச்சியைச் சிறகைப் பிடித்துக் காதலன் உள்ளங்கையில் வைக்கிறாள். அதுவும் லூவரில்தான் இருக்கிறது.

கல் சதையாகும் விதம்

கனோவாவின் பட்டறையில் சிலை உருவாகும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். முதலில் கை அளவு களிமண்ணில் ஒரு சிறு உருவம். அது மனத்துக்குப் பிடித்தால் முழு அளவில் களிமண் உருவம். களிமண் காய்ந்தால் வெடிக்கும். ஆகவே அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்து, முழு அளவு பிளாஸ்டர் உருவம் வார்ப்பார்கள். இந்தப் பிளாஸ்டர் உருவம் முழுவதும் சிறு சிறு உலோக ஆணிகள் அடிக்கப்படும். மூக்கு நுனி, தோள் முனை, முழங்கால் என்று எங்கெங்கே மேடு பள்ளமோ அங்கெல்லாம் ஒரு ஆணி. மேலே ஒரு சட்டத்திலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, கவராயத்தால் ஒவ்வொரு ஆணியின் ஆழத்தையும் அளந்து, அதே அளவைப் பக்கத்தில் நிற்கும் சலவைக்கல் பாளத்தில் குறிப்பார்கள். உதவியாட்கள் அந்தக் குறி வரைக்கும் கல்லை வெட்டிக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

தோல் கனத்துக்கு மிச்சம் இருக்கும்போது கனோவா உள்ளே வருவார். இனி வேறு எவர் கையும் படாது. பெரும்பாலும் இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்தக் கடைசி வேலை நடக்கும். பகல் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் பக்கவாட்டுச் சுடர் வெளிச்சத்தில் நிழலாகத் தெரிந்துவிடும் அல்லவா? அரத்தால் இழைத்து, நுரைக்கல்லால் தேய்த்து, முடிவில் உளி தீட்டும் சாணைக்கல் தண்ணீரையோ மெழுகையோ லேசாகத் தடவுவார். அதனால்தான் அவர் சிலைகளின் வெள்ளை மற்றவர் சிலைகளின் வெள்ளையைப் போலக் கண்ணைக் கூசவில்லை. சைக்கியின் உடம்பு பளபளவென்று மின்னும். அவள் சாய்ந்திருக்கும் பாறையோ கொத்திய தழும்புகளோடு கரடுமுரடாக இருக்கும். இரண்டும் ஒரே கல்.

இப்படி வேலை நடந்ததால் முழுச் சிலையும் அவர் செய்ததல்ல என்று சிலர் குறை சொன்னது உண்டு. குறை சொன்னவர்கள் கல்லைத் தூக்கிப் பார்க்காதவர்கள். ஆட்களை விட்டு வெட்டச் சொன்னதால்தான் அவரால் அத்தனை சிலைகளை ஒரே ஆயுளில் முடிக்க முடிந்தது. இருந்தும் இளமையில் துறப்பணத்தை மார்பில் அழுத்தி அழுத்தி வேலை செய்ததில் அவர் விலா எலும்புகள் உள்வாங்கிப் போய்விட்டன என்றும், கடைசிக் காலத்து வயிற்று நோவுக்கு அதுவே காரணம் என்றும் கூறப்படுகிறது.

கியூபிட், சைக்கி சிலை 1793-ல் முடிந்தது. கேட்டவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. போர்க்காலம். அந்தக் கனத்தைக் கப்பலில் கொண்டுபோகும் செலவும் சாமானியமல்ல. கடைசியில் நெப்போலியனின் குதிரைப் படைத் தளபதியும் அவன் தங்கையின் கணவனுமான முராட் அதை வாங்கித் தன் மாளிகையில் வைத்தான். சத்திரக்காரன் மகனாகப் பிறந்த முராட் 1808-ல் நேப்பிள்ஸுக்கு அரசனானான். அவனுடைய பிரெஞ்சுச் சொத்துக்கள் நெப்போலியன் கைக்குப் போயின. பிறகு லூவருக்கு வந்தது. சிலையின் பீடத்தில் ஓர் உலோகக் கைப்பிடி இருக்கிறது. மாளிகையில் உட்கார்ந்தபடியே விருந்தாளிகள் எல்லாப் பக்கமும் பார்க்கட்டும் என்று சிலையைச் சுழற்றுவதற்காக வைத்தது. முன்னால் நின்று பார்த்தால் சிறகும் உடம்புமாகக் குறுக்கே இரண்டு கோடு போட்டது போல் இருக்கும் சிலை, பின்னால் போனால் வேறு ஒரு சிலை.

ரஷ்யப் பிரபு யூசுபோவுக்காகச் செய்த மற்றொரு பிரதி, 1926-லிருந்து ஹெர்மிடேஜ் அருங்காட்சிசாலையில் உள்ளது. மூல பிளாஸ்டர் உருவத்தைத் தம் சீடர் தடோலினிக்குக் கொடுத்து, பிரதிகள் செய்துகொள்ள அனுமதியும் தந்தார் கனோவா. சீடருக்குப் பிழைப்புக்கு வழியாயிற்று. அந்த பிளாஸ்டர் உருவம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சிசாலைக்குப் போய்விட்டது. பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் இன்றைக்கும் காணப்படும் கியூபிட், சைக்கி சலவைக்கல் பொம்மைகளுக்கு எல்லாம் மூலம் இதுதான்.

நெப்போலியனுக்கு முன்னால்

1797-ல் நெப்போலியன் ஆயிரம் ஆண்டு பழமையான வெனிஸ் குடியரசை ஒழித்தான். கனோவாவைப் பொறுத்தவரை பிறந்த நாடு ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு ஏற்பட்ட டோலென்டினோ உடன்படிக்கையின்படி போப்பாண்டவரின் புகழ்பெற்ற சிலைகளும் ஓவியங்களும் பாரிஸுக்கு வண்டியேறின. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் படை ரோமாபுரிக்குள் நுழைந்தபோது கனோவா கிளம்பிச் சொந்தக் கிராமத்துக்குப் போய்விட்டார். சில காலம் உளியைத் தொடாமல் ஓவியம் வரைந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு பெர்ஸியஸ் என்ற வீரன் சிலையைச் செய்தார். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன அப்பல்லோ சிலையின் காலியான பீடத்தில் நிறுத்த அதையே போப்பாண்டவர் ஏழாம் பயஸ் வாங்கினார். 1802-ல் பழம்பொருள்களுக்கும் கலைகளுக்கும் தலைமை மேற்பார்வையாளராகவும் அவரை நியமித்தார்.

அதே வருஷம் நெப்போலியனிடமிருந்து அழைப்பு வந்தது. உருவச்சிலைக்குத் தலையை மாதிரி எடுக்க வேண்டும். கனோவாவுக்குப் போக இஷ்டமில்லை. போப்பாண்டவர் வற்புறுத்தவே போனார். போனவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. களிமண்ணைப் பிசைந்தபடியே, ரோமாபுரி வறுமைப்பட்டுக் கிடப்பதையும், கலைச் செல்வங்களைக் கொள்ளைகொண்டு போனது தவறு என்பதையும் எடுத்துச் சொன்னார். ஐரோப்பா நடுங்கிய மனிதனுக்கு எதிரே ஒரு கூலிக்குச் சிலை செய்பவர் இப்படிப் பேசினார். பாரிஸிலேயே தங்கிவிடச் சொன்னபோதும் மறுத்துவிட்டார். 1810-ல் அரசி மரீ லூயிஸின் உருவத்தை எடுக்கப் போனபோதும் அதே பதில்தான்.

நெப்போலியன் சிலை வேடிக்கையான கதையாக முடிந்தது. கனோவா அவனைப் போர்த் தெய்வம் மார்ஸாக, கிரேக்க முறைப்படி ஆடையின்றி, சுமார் மூன்றரை மீட்டர் உயரத்தில் செய்தார். உடை உடுத்திய உருவம்தான் வேண்டும் என்று கேட்டதற்குச் செவி சாய்க்கவில்லை. 1811-ல் சிலை பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் நெப்போலியனுக்குத் தொந்தி விழுந்துவிட்டது. மல்லன் போன்ற அந்த உடம்பைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்களே என்று பயந்து மறைத்து வைக்கச் சொல்லிவிட்டான். 1816-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அதை 66,000 பிராங்குக்கு வாங்கி, வாட்டர்லூவில் அவனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபுவுக்கே பரிசளித்தது. லண்டனில் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்றும் நிற்கிறது.

நெப்போலியனின் தங்கை பாலினாவை வெற்றி வீனஸாகச் சாய்ந்த கோலத்தில் செய்த சிலை ரோமாபுரி போர்கேஸே மாளிகையில் இருக்கிறது. மெத்தையும் தலையணையும் கல்லா துணியா என்று பார்ப்பவர்கள் குழம்புவார்கள்.

கொள்ளை போனதை மீட்டவர்

1815 ஜூனில் வாட்டர்லூவில் நெப்போலியன் வீழ்ந்தான். போப்பாண்டவர் உடனே ஆள் அனுப்ப வேண்டும். பாரிஸிலிருந்து பொருள்களை மீட்டு வர வேண்டும். ராஜதந்திரிகள் பலர் இருக்க, அவர் தேர்ந்தெடுத்தது 57 வயதுச் சிற்பியை. உடன் செயலாளராகப் போனவர் கனோவாவின் தாய்வழித் தம்பி ஜியோவன்னி பட்டிஸ்டா சார்ட்டோரி. விட்டுப்போன தாயின் இரண்டாம் மணத்துப் பிள்ளையைக் கனோவா சொந்தத் தம்பியாகவே வைத்துக்கொண்டார் என்பது கவனிக்கத் தக்கது.

பாரிஸில் நல்ல வரவேற்பில்லை. கையெழுத்திட்ட உடன்படிக்கைப்படி எடுத்து வந்தது, திருப்பித் தர முடியாது என்றது பிரெஞ்சுத் தரப்பு. வெளிநாட்டு மந்திரி தாலிராண்ட் இவரைத் தூதர் அல்ல, மூட்டை கட்டுகிறவர் என்று கேலி செய்தாராம். பழைய நண்பர்களான ஓவியர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கனோவா பொறுமையாக பிரிட்டிஷ், ஆஸ்திரிய, பிரஷ்யப் பிரதிநிதிகளைப் பார்த்து ஆதரவு திரட்டினார். கடைசியில் நேச நாட்டுச் சிப்பாய்களின் காவலில்தான் லூவரிலிருந்து படங்களையும் சிலைகளையும் இறக்க வேண்டியிருந்தது.

கேலி செய்தவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். மூட்டை கட்டுவது சாதாரண வேலையா? பல நூறாண்டுப் பழமையான சலவைக்கல் உருவங்களைப் பெட்டிகளில் அடைத்து, வண்டியில் ஏற்றி, பனிக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடத்தி, ரோமாபுரி கொண்டுவந்து சேர்ப்பதென்றால் சரக்கு ஏற்றி இறக்கும் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். பாம்புகள் சுற்றிய லாக்கோவன் சிலை, அப்பல்லோ சிலை, ரஃபேல் வரைந்த உருமாற்றம் ஓவியம் எல்லாம் இப்படித் திரும்பி வந்தவை. எல்லாம் வந்துவிடவில்லை. வெனிஸ் நகரத்திலிருந்து போன, வெரோனீஸின் கானா ஊர்க் கலியாண ஓவியம் இன்றும் லூவரில்தான் இருக்கிறது.

பாரிஸிலிருந்து கனோவா லண்டனுக்கும் போய்வந்தார். எல்ஜின் பிரபு ஏதென்ஸிலிருந்து கொண்டுவந்த பார்த்தினான் கோயில் சிற்பங்களை அங்கே பார்த்தார். அவற்றைச் செப்பனிட்டுத் தரும்படி எல்ஜின் பல வருஷங்களுக்கு முன்பே கேட்டிருந்தார். அவற்றில் கை வைக்கத் தமக்கு உரிமையில்லை என்று கனோவா மறுத்துவிட்டார். மூக்கு உடைந்த சிலைக்குப் புது மூக்கு ஒட்டுவதே வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய காரியம்.

இடையில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று. சென்னை தீவுத்திடலை ஒட்டி மவுன்ட் ரோட்டில் குதிரைமேல் வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோ சிலையைப் பார்க்காத தமிழர் குறைவு. அதைச் செய்த ஆங்கிலச் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரீ, 1819-ல் இத்தாலிக்குப் போய் ரோமாபுரியில் கனோவாவோடு பழகியவர்.

ஊருக்கு ஒரு கோயில்

ரோமாபுரி திரும்பியவருக்குப் போப்பாண்டவர் இஸ்கியா பிரபு என்ற பட்டமும் ஆண்டுக்கு 3,000 ஸ்கூடோ மானியமும் அளித்தார். மானியத்தைக் கனோவா தாம் தொடவில்லை. ஏழைக் கலைஞர்களுக்கும் கலைக் கழகங்களுக்கும் எழுதி வைத்துவிட்டார்.

கடல் கடந்தும் வேலை வந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் சிலை வேண்டும் என்றபோது, முன்னாள் ஜனாதிபதி ஜெபர்சன் கனோவாவின் பெயரைச் சொன்னார். சிலை 1821-ல் போய்ச் சேர்ந்தது. பத்தே ஆண்டில், 1831-ல், சட்டசபைக் கட்டடம் தீப்பிடித்ததில் சிலையும் அழிந்தது. 1970-ல் அங்கே அதன் பிரதி ஒன்றை நிறுவினார்கள்.

நாற்பது வருஷம் வெளியூரில் சம்பாதித்த மனிதர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் தெரியுமா? பொஸ்ஸாஞோவில். கிராமத்துப் பழைய கோயில் இடிந்து கிடந்தது. அதைப் பழுது பார்க்கக் கேட்டவர்களிடம், புதிதாகவே கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். 1819 ஜூலை 11-ந் தேதி அடிக்கல். முன்பக்கம் ஏதென்ஸ் பார்த்தினான் போலத் தூண்கள். பின்பக்கம் ரோமாபுரி பாந்தியன் போல வட்டக் குவிமாடம். செலவெல்லாம் அவருடையது. பணம் போதாமல் முதிய வயதிலும் புதுப்புது வேலைகளை ஒப்புக்கொண்டு உழைத்தார். ஒரு சின்ன மலைக் கிராமத்துக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். சொந்த ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

கோயில் முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1822-ல் பொஸ்ஸாஞோ போய்விட்டுத் திரும்பும் வழியில் வெனிஸில் நண்பர் வீட்டில் நோய் முற்றி, அக்டோபர் 13-ந் தேதி காலமானார். வயது 64. காதலர் சிலையை வாங்கிய முராட் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அதே அக்டோபர் 13-ந் தேதிதான்.

அவர் உடலையும் ஒரே இடத்தில் வைக்க விடவில்லை. இதயம் வெனிஸ் ஃப்ராரி கோயிலுக்கு. அங்கே ஓவியர் டிஷியனுக்காகக் கனோவா இளமையில் வரைந்து வைத்திருந்த சமாதித் திட்டத்தையே எடுத்து, சீடர்கள் 1827-ல் அவருக்கே கட்டினார்கள். உளி பிடித்த வலது கை வெனிஸ் கலைக் கழகத்துக்கு. உடல் பொஸ்ஸாஞோவுக்கு. தம்பி சார்ட்டோரி 1830-ல் கோயிலை முடித்தார்.

அதோடு தம்பி நிற்கவில்லை. ரோமாபுரிப் பட்டறையில் இருந்த பிளாஸ்டர் உருவங்களை எல்லாம் கிராமத்துக்குக் கொண்டுவந்து, பிறந்த வீட்டை ஒட்டி ஒரு கூடம் கட்டி வைத்தார். முதல் உலகப் போரில் கிராப்பா மலை போர்முனையாயிற்று. 1917 கிறிஸ்துமஸ் சமயத்தில் விழுந்த குண்டில் கூரை சரிந்து பல உருவங்கள் கை கால் தலை இழந்தன. பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினார்கள். 2020 ஜூலையில் உல்லாசப் பயணி ஒருவர் படம் பிடித்துக்கொள்வதற்காகப் பாலினாவின் பிளாஸ்டர் உருவத்தின்மேல் உட்கார்ந்து, அதன் கால் விரல்களை உடைத்துவிட்டார். அதையும் ஒட்டவேண்டியதாயிற்று.

அந்தக் கூடத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளை உருவங்களுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், முகத்திலும் தோளிலும் முழங்காலிலும் கருப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அளவு எடுப்பதற்காக அடித்த அதே ஆணிகள். இருநூறு வருஷமாகியும் எவரும் பிடுங்கவில்லை.